வீட்டில் வேறு மொழி, பள்ளியில் தமிழ்: குழந்தையை வாசிக்க, எழுத வைக்க முழுமையான வழிகாட்டி

நான்கு வயது முதல் எட்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத்தருகிற பெற்றோர், மாலை வகுப்புத் தன்னார்வலர்கள், அங்கன்வாடி மற்றும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்குமானது இது. குறிப்பாக, வீட்டில் தமிழ் பேசாத அல்லது தமிழோடு இன்னொரு மொழியும் பேசுகிற குழந்தைகளைப் பற்றியது.

பழைய வடாற்காட்டுப் பகுதியில் இப்படிப்பட்ட குழந்தைகள் நிறைய. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வீடுகளில் உருது. காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஆந்திர எல்லையோரம் தெலுங்கு. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களில் இந்தி, ஒடியா. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வங்காளம், மலையாளம். மாலை வகுப்பில் ஒரே பாயில் மூன்று மொழிக் குழந்தைகள் உட்கார்ந்திருப்பது இங்கே சாதாரணம்.

புதிதாகக் கற்றுத்தர வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். முதல் நாளே 247 எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, "அ, ஆ சொல்லு" என்று தொடங்கிவிடுகிறார்கள். குழந்தை அட்டையைப் பாட்டாக ஒப்பித்துவிடும். 'படம்' என்று எழுதிக் காட்டினால் முழிக்கும். அந்தக் குழந்தைக்கு அறிவு குறைவு என்று அர்த்தமில்லை, நாம் போன வரிசைதான் தவறு. முதலில் காது, அப்புறம் வாய், பிறகு கண், கடைசியில் கை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன.

தொடங்கும் முன் தேவையானவை

சிலேட்டு, பல்பம், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, விளிம்பு உயர்ந்த தட்டில் கொஞ்சம் மணல் அல்லது ரவை, கிழித்த தினசரி காலண்டர் தாள்கள், ஒரு நோட்டு. இவை போதும். விலை கொடுத்து வாங்கும் வண்ண அட்டைகள் இல்லாமலே வேலை நடக்கும்.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காரவைத்தால் இந்த வயதில் ஒன்றும் தங்காது.

1. வீட்டு மொழியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் வேலை எழுத்து சொல்லிக்கொடுப்பது அல்ல, விசாரிப்பது. அம்மா குழந்தையிடம் எந்த மொழியில் பேசுகிறார், பாட்டி எந்த மொழியில் கதை சொல்கிறார், தெருவில் விளையாடும்போது எந்த மொழி, மாலையில் மக்தப் (குர்ஆனும் அரபி எழுத்தும் கற்கும் வகுப்பு) அல்லது மதரஸா போகிறதா, வீட்டில் யாருக்கு எந்த எழுத்து வாசிக்கத் தெரியும். இதையெல்லாம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

பெயரைப் பார்த்து மொழியை ஊகிக்காதீர்கள். முஸ்லிம் குடும்பம் என்றாலே உருது என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தமிழ் மட்டுமே பேசுகிற முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அதேபோல, தெலுங்குப் பெயர் வைத்திருக்கும் பல வீடுகளில் இரண்டு தலைமுறையாகத் தமிழ்தான் புழங்குகிறது.

பள்ளி ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். உங்கள் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால், பள்ளி ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம் இழுக்காமல் இருக்கலாம்.

2. வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள்

"இனிமேல் வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள்." அக்கறையோடு சொல்லப்படுகிற, மிகவும் கெடுதலான ஆலோசனை இது. தமிழ் சரியாக வராத அம்மா, குழந்தையிடம் "வா, சாப்பிடு, தூங்கு" என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார். கதை போய்விடும், "ஏன்?", "எப்படி?" என்ற பேச்சு போய்விடும். வாசிக்கிற குழந்தைக்கு எழுத்தைவிட அதிகமாக உதவுவது இந்தப் பேச்சுதான்.

கதை எப்படித் தொடங்கும், நடுவில் என்ன சிக்கல் வரும், எப்படி முடியும் என்பது ஒரு மொழியில் பிடிபட்டால் போதும், அதை இன்னொரு மொழிக்காக மறுபடி கற்க வேண்டியதில்லை. ஒரு மொழியில் வளர்ந்த படிப்புத் திறன் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்ற கருத்தைக் கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979ல் முன்வைத்தார். வகுப்பிலும் அதைத்தான் பார்க்கிறோம். நானியிடம் (அம்மாவின் அம்மா) உருதுவில் நிறையக் கதை கேட்ட குழந்தை, தமிழ்க் கதையில் பாதிச் சொல் புரியாவிட்டாலும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கும்.

தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஒரு வேலை கொடுங்கள். "இன்றைக்கு என்ன படித்தாய்? நம்ம மொழியில் சொல்லு" என்று தினமும் கேட்கச் சொல்லுங்கள். குழந்தை வாசித்ததைப் புரிந்துகொண்டதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

3. எழுத்துக்கு முன் ஒலி

இரண்டு மூன்று வாரம் எழுத்தே காட்டாமல் விளையாடுங்கள். சொல்லைச் சொல்லிக் கைதட்டுவதில் தொடங்கலாம். அம்-மா, இரண்டு தட்டு. பம்-ப-ரம், மூன்று தட்டு. பிறகு "ம-வில் தொடங்குகிற சொல் சொல்லு" என்று கேளுங்கள். குழந்தை தன் மொழிச் சொல்லைச் சொன்னாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். 'மச்லி' (மீன்) என்றால் அதுவும் ம-வில் தொடங்குகிற சொல்தான். இங்கே பழக்குவது காதை.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குழந்தை 'பம்பரம்' என்பதற்கு மூன்று முறை தட்டுகிறது. எழுத்தோ ஐந்து. புள்ளி எழுத்துகள் தட்டில் தனியாக வருவதில்லை. அதனால்தான் பின்னால் எழுதும்போது 'பபர' என்று எழுதிவிட்டு, எல்லாம் எழுதிவிட்டோம் என்று நம்புகிறது.

இதற்குத்தான் புளியங்கொட்டை. கைதட்டு சரியாக வந்த பிறகு, 'பம்' என்று மெதுவாகச் சொல்லி, ப-வுக்கு ஒரு கொட்டை, வாய் மூடும் 'ம்' ஒலிக்கு இன்னொரு கொட்டை வைக்கச் சொல்லுங்கள். வாய் மூடுவதைக் கண்ணாடியில் பார்க்கவிடுங்கள். இந்த ஒரு பயிற்சியை அவசரப்படாமல் செய்தால், பின்னால் புள்ளியை விட்டுவிடும் பிழை நிறையக் குறையும்.

4. எந்த மொழிக் குழந்தைக்கு எந்த ஒலி கடினம்

பிழையைப் பார்த்ததும் "கவனமில்லை" என்று சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். பல பிழைகள் வீட்டு மொழியிலிருந்து வருகின்றன. அவற்றைத் திட்டித் திருத்த முடியாது, கேட்கப் பழக்கித்தான் திருத்த முடியும்.

உருது, இந்தி பேசும் குழந்தைகள்: எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு காதில் விழாது, அந்த மொழிகளில் இவை பெரும்பாலும் நெடிலாகவே ஒலிப்பதால். கொடி–கோடி, தொடு–தோடு, எடு–ஏடு போன்ற ஜோடிகளைப் படமாக வரைந்து, நீங்கள் சொல்வதைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்டுப் பிரிக்கத் தெரிந்த பிறகுதான் சொல்லச் சொல்ல வேண்டும். ள, ழ இரண்டும் இவர்களுக்குப் புதிது, உருதுக் குழந்தைகளுக்கு ண-வும்.

தெலுங்கு பேசும் குழந்தைகள்: குறில் நெடில் பிரச்சினை கிடையாது, ள-வும் ண-வும் அந்த மொழியிலேயே உண்டு. ழ மட்டும் புதிது. ஆனால் தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். அதனால் 'பால்' என்பதைப் 'பாலு' என்றும் 'ஊர்' என்பதை 'ஊரு' என்றும் எழுதுவார்கள். நம் பேச்சுத் தமிழிலும் அப்படித்தானே சொல்கிறோம்? ஆகவே தமிழ்க் குழந்தைகளும் இதே பிழையைச் செய்வார்கள். எல்லோருக்கும் சேர்த்தே பழக்கலாம்.

வங்காளம் பேசும் குழந்தைகள்: வ ஒலி ப-வின் மென்மையான ஒலியாக மாறும். 'வண்டி' என்பது 'பண்டி' போலக் கேட்கும். இ–ஈ, உ–ஊ நீளமும் குழம்பும். குடை–கூடை ஜோடி இங்கே நன்றாக உதவும். ண-வுக்கும் ன-வுக்கும் அவர்கள் பேச்சில் வேறுபாடு இல்லை.

ஒடியா, கன்னடக் குழந்தைகளுக்கு ள பழக்கமானது. மலையாளக் குழந்தைக்கு ழ-வும் வரும். அந்தக் குழந்தையை வகுப்புக்கே ழ சொல்லித்தரும் ஆசிரியராக ஆக்குங்கள்.

ழ விஷயத்தில் ஒரு வேண்டுகோள். தமிழ் வீட்டுக் குழந்தைகளே இங்கே 'வாயப்பயம்' என்று சொல்வதைக் கேட்கலாம். அப்படியிருக்க, மற்ற மொழிக் குழந்தையை மட்டும் எழுப்பி நிற்கவைத்து 'வாழைப்பழம்' சொல்லச் சொல்வது அநியாயம். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தால் அந்தக் குழந்தை வாயைத் திறப்பதையே விட்டுவிடும். ழ-வை எழுத்தாக அடையாளம் கண்டு வாசித்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும்.

5. முதல் எழுத்து, குழந்தையின் பெயர்

எழுத்தைக் கண்ணுக்குக் காட்டும் நாளில் குழந்தையின் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள். தன் பெயரை எந்தக் குழந்தையும் மறக்காது.

ஆயிஷா, ஹரிணி, ஜஸ்வந்த், ஃபாத்திமா போன்ற பெயர்களில் ஜ, ஷ, ஸ, ஹ, ஃப எல்லாம் வரும். "இவை கடைசியில் சொல்லித்தரும் எழுத்துகள்" என்று தள்ளிப்போடாதீர்கள். வரிசைக்காகக் காத்திருந்தால், தன் பெயரை எழுத முடியாமல் ஒரு வருஷம் போகும். பெயரை முழுப் படமாக முதலில் அடையாளம் காணட்டும், ஒவ்வோர் எழுத்தாகப் பிரிப்பது பிறகு.

பெயரை எப்படி எழுதுவது என்று வீட்டாரிடம் கேட்டு, பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நமக்கு வசதியாக ஷா-வைச் சா ஆக்க நமக்கு உரிமை இல்லை.

6. எழுத்துகளை அகர வரிசையில் தராதீர்கள்

அ, ஆ, இ, ஈ வரிசை பாட நன்றாக இருக்கும், கற்கக் கடினம். அ-வும் இ-யும் வளைவு நிறைந்தவை. எல்லாவற்றையும் முடித்தாலும் அவற்றை மட்டும் வைத்து வாசிக்க ஏறக்குறைய எந்தச் சொல்லும் கிடைக்காது.

நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள்: ட, ப, ம, அப்புறம் ர. இவற்றோடு முதல் வாரத்திலேயே புள்ளியையும் துணைக்காலையும் (ா) சேர்த்துவிடுங்கள். இந்தக் கொஞ்சத்தை வைத்தே படம், பாடம், மரம், பட்டம், மாடம், பம்பரம் என்று வாசிக்கலாம். அ-வைச் சேர்த்தால் அம்மா, அப்பா. அட்டை முழுவதையும் ஒப்பித்த குழந்தைக்குக் கிடைக்காத சந்தோஷம், 'பட்டம்' என்பதைத் தானாகக் கூட்டி வாசித்த குழந்தைக்குக் கிடைக்கும்.

அடுத்து ய, வ, ல, க, த, ன, ச என்று சேர்த்துக்கொண்டே போகலாம். புதிய எழுத்து ஒவ்வொன்றும் வந்ததும் அதனால் கிடைக்கிற சொற்களை வாசிக்கவைத்த பிறகே அடுத்தது. ஒரு வாரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது, குழந்தை வீட்டில் ஏற்கெனவே கேட்கிற சொற்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். உருது வீட்டுக் குழந்தைக்கு ரொட்டி, அல்வா, மேஜை, அலமாரி, மைதானம். தெலுங்குக் குழந்தைக்கு அம்மா, ஊர், பால். அர்த்தம் முன்னமே தெரிந்திருப்பதால் எழுத்தில் மட்டும் கவனம் செல்லும்.

7. ஒரே எழுத்து, இரண்டு ஒலி

தெலுங்கு, இந்தி, உருது, வங்காளம் எல்லாவற்றிலும் வல்லொலிக்கு ஓர் எழுத்து, மெல்லொலிக்கு வேறு எழுத்து. தமிழில் ப ஒன்றுதான், 'பாட்டி'யிலும் 'தம்பி'யிலும் வேறுவேறாக ஒலிக்கிறது. விவரமான குழந்தை "மிஸ், இது எந்தப் ப?" என்று கேட்கும். "அதெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள், ஒழுங்கு இருக்கிறது.

சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வலிது: பாட்டி, அக்கா, பட்டம். மெல்லின எழுத்துக்குப் பின்னால் மென்மை: தம்பி, தங்கை, பந்து, வண்டி, பஞ்சு. இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவிலும் மென்மை: மகன், படம். பிரியாணி, பஸ் போன்ற வந்த சொற்கள் இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்கும், அவற்றைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

விதியாக ஒப்பிக்கவைக்க வேண்டாம். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று ஜோடியாகவே காட்டுங்கள். ஒலியும் பிடிபடும், எந்த மெல்லினத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்பதும் சேர்ந்தே பதியும்.

8. குறிகள்

ஒலிக்கிற வரிசையும் எழுதுகிற வரிசையும் ஒன்றாக இருக்கும் குறிகளை முதலில் எடுங்கள்: ா, ி, ீ. ெ, ே, ை மூன்றும் காதில் பின்னால் கேட்டு, தாளில் முன்னால் நிற்பவை. இவற்றைத் தனி வாரமாக ஒதுக்குங்கள். ொ, ோ இரண்டு பக்கமும் நிற்பதால் அதற்கும் பிறகு.

கு, சு, டு, து, பு, மு எல்லாம் ஒரே மாதிரி வடிவம் மாறுவதில்லை. இதை ஒரே விதியால் சொல்லித்தர முயல வேண்டாம். குருவி, துணி, புலி என்று சொல்லோடு சொல்லாகப் பழகட்டும்.

பெற்றோர் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் இருபத்தாறு எழுத்தையும் முடித்துவிட்டது என்பார்கள். கன்னடக் குழந்தைகளிடம் ஆய்வாளர் சோனாலி நாக் செய்து 2007ல் வெளியான ஆய்வில், எழுத்து முழுமையாகக் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆவது தெரிந்தது. கன்னடமும் நம்மைப் போல உயிர்மெய் எழுத்து முறைதான். இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

9. பேச்சிலிருந்து புத்தகத் தமிழுக்கு

இங்கே எல்லாக் குழந்தைக்கும் ஒரு மொழி கூடுதலாக வருகிறது. தெருவில் கற்றுக்கொண்ட தமிழ் "நாய் கீது", "அம்மா வந்துகினு இருக்கு" என்று இருக்கும். புத்தகத்தில் "இருக்கிறது", "வருகிறார்".

குழந்தையைப் படம் வரையச் சொல்லி, அது சொல்வதை அப்படியே காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். கீழ் வரியில் அதே வாக்கியத்தைப் புத்தக நடையில் எழுதுங்கள். இரண்டையும் விரல் வைத்து வாசியுங்கள். தான் சொன்னதே தாளில் நிற்பதால் மேல் வரி உடனே வாசிக்க வரும், அதன் துணையில் கீழ் வரியும் வரும்.

"கீது என்று சொல்லாதே, தப்பு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசுகிற குழந்தை அது.

10. எழுதுவது

மணல் தட்டில் விரலால், பிறகு சிலேட்டில் பல்பத்தால், கடைசியில்தான் நோட்டு. சின்ன விரல்களுக்குப் பென்சில் பிடிக்கும் வலு வர நாளாகும். அதற்குள் நான்கு வரி நோட்டில் அழுத்தினால் கை வலிக்கும், எழுதுவதே வெறுத்துவிடும்.

மக்தபில் அரபி எழுத்து கற்கும் குழந்தைக்கு வலமிருந்து இடம் பழக்கம் இருக்கும். தமிழ் நோட்டின் இடது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள், அங்கிருந்துதான் தொடக்கம். இரண்டு நோட்டுக்கும் வேறு நிற அட்டை போடுங்கள். சில மாதத்தில் குழந்தை தானாகவே திசை மாற்றிக்கொள்ளும். இதற்காக மக்தப் போவதை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

ஒரே சொல்லைப் பத்துத் தடவை எழுதவைப்பது பயிற்சி ஆகாது. மூன்றாவது தடவைக்கு மேல் குழந்தை மேலே உள்ள வரியைப் பார்த்து வரைகிறது, வாசிப்பதில்லை. அதற்குப் பதில் தினமும் தன் சொந்த வாக்கியம் ஒன்று எழுதட்டும். பிழை இருக்கும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துப் பேசுங்கள். புள்ளி விட்டிருந்தால் கொட்டை வைத்துப் பார்ப்பது போதும்.

ர–ற, ந–ன பிழைகளைக் கடைசிக்கு விடுங்கள். நம் ஊர்ப் பேச்சில் இவற்றின் ஒலி வேறுபாடு பெரும்பாலும் கேட்பதில்லை, சொல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். சொல்லின் தொடக்கத்திலும் த-வுக்கு முன்னாலும் பெரும்பாலும் ந, மற்ற இடத்தில் ன. இது மட்டும் இப்போதைக்குப் போதும்.

11. தெருவை வாசிக்கவையுங்கள்

வேலூர் பஸ் பலகையில் பாகாயம், காட்பாடி, ஆற்காடு. டோல்கேட் உழவர் சந்தையில் காய்களின் பெயர்ப் பலகை. இவற்றை வாசிக்கிற குழந்தைக்கு, வாசிப்பு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

காட்பாடி ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். இந்தி வாசிக்கத் தெரிந்த அம்மாவும் தமிழ் கற்கும் குழந்தையும் ஒரே பலகையை ஆளுக்கொரு வரியாக வாசிக்கலாம். காந்தி ரோடு பக்கம் தங்கும் விடுதிகளில் வங்காள எழுத்துப் பலகைகள் உண்டு. அங்கே அப்பா வாசிக்க, குழந்தை பக்கத்தில் உள்ள தமிழை வாசிக்கட்டும். தன் வீட்டு எழுத்துக்கும் ஊரில் இடம் இருக்கிறது என்பதைக் குழந்தை அங்கே கண்ணால் பார்க்கிறது.

12. முன்னேற்றம் இல்லையென்றால்

முதலில் பார்க்க வேண்டியது இது: தடுமாற்றம் தமிழில் மட்டுமா, வீட்டு மொழியிலுமா? வீட்டு மொழியில் சரளமாகப் பேசி, கதை சொல்லி, சண்டையும் போடுகிற குழந்தை தமிழில் மெதுவாக இருந்தால், அது மொழி கற்கிற நேரம். காத்திருங்கள், 3ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

வீட்டு மொழியிலேயே பேச்சு பிந்தியிருந்தால், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், காதில் சீழ் வடிந்தால், புத்தகத்தை மூக்கருகில் பிடித்தால், தாமதிக்க வேண்டாம். காதையும் கண்ணையும் பரிசோதிக்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போகச் சொல்லுங்கள். பெற்றோருக்குத் தமிழ் வராவிட்டால் நீங்களும் கூடப் போவது நல்லது. "இரண்டு மொழியால் வந்த குழப்பம், ஒன்றை விட்டால் சரியாகிவிடும்" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால், அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவர்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

பரிசோதனை முடிகிற வரை வகுப்பை நிறுத்தாதீர்கள். குழந்தையை முன் வரிசையில், வெளிச்சம் விழும் இடத்தில், உங்கள் வாய் அசைவது தெரியும்படி உட்காரவைத்து, ஒலி விளையாட்டுகளைத் தொடருங்கள்.